பத்மாவுக்கு இரண்டாம் தெரிவு

2019 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு எழும்பினேன். வாசற்படியில் இறுகிக் கிடந்த பனியில் வழுக்காமலிருக்கச் சிறுகல் தூவினேன். கார்க் கண்ணாடியைச் சுரண்டினேன். கோப்பி குடித்தேன். வெள்ளைச் சேட்டு ஒன்றை அயன் பண்ணினேன். பிறகு வாக்குப்பெட்டியை மேசையில் வைத்து ஒருமுறை சரிபார்த்தேன். அது எங்கள் றைஸ் குக்கர் வந்த அட்டைப்பெட்டி. வெள்ளைக் கடதாசி ஒட்டி, மேலே அடிமட்டம் வைத்து அளந்து ஒரு துவாரம் வெட்டியிருந்தேன். சீட்டை ஒருமுறை மடித்தால் உள்ளே போகாது, இரண்டுமுறை மடித்தால் போகும். (அப்படியான ஆள்தான் நான். என்னோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்துவது சின்ன விஷயமில்லை.)

இதெல்லாம் என் நாட்குறிப்பில் வரிசையாக இருக்கிறது. அன்றைய பக்கத்தின் அடியில் மட்டும், வழக்கத்துக்கு மாறாகக் கோணல் எழுத்தில் ஒரு வரி: "பத்மா நீக்கப்பட்டார்." நீக்கியவர் யார் என்று எழுதவில்லை. ஒஸ்லோவில் தமிழ் கதைக்கும் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மனைவி போட்டியிடுகிற தேர்தலை நடத்தும் பொறுப்பைக் கணவன் ஏற்கவே கூடாது. ஏற்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் இரண்டையும் செய்தேன்.

முதலில் பத்மா ஏன் போட்டியிட்டாள் என்று சொல்லவேண்டும். எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு பாடசாலையின் நீச்சல் தடாகத்தை வெள்ளிக்கிழமை மாலையில் ஒரு மணித்தியாலம் வாடகைக்கு எடுத்து வந்தது. பெண்களுக்கு மட்டும். யன்னல்களுக்குத் திரை போட்டு, கதவைப் பூட்டி, ஓய்வு பெற்ற ஒரு நோர்வேஜியப் பெண்மணி சொல்லிக்கொடுப்பார். அதை ஒழுங்கு செய்தவள் பத்மா. எங்கள் பெண்கள் பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப் போவார்கள். பிள்ளைகள் மீன்குஞ்சுகள் மாதிரித் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். தாய்மார் கரையில் இருந்து செருப்புக்கும் பைக்கும் காவல் பார்ப்பார்கள். இருபது வருடம் காவல் பார்த்த பதினெட்டுப் பேர், நாற்பதும் ஐம்பதும் வயதில், அந்தத் தடாகத்துக்குள் இறங்கினார்கள். பத்மா வயோதிபர் இல்லத்தில் தாதி உதவியாளராக வேலை செய்பவள். வாரம் முழுக்க ஆட்களைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற முதுகுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான் ஆறுதல்.

அதே காசில் குளிர்காலத்துக்கு ஒரு உள்ளரங்கு மண்டபம் எடுத்தால் பெடியள் பந்தடிக்கலாம் என்று சிவபாலன் கேட்டார். அவர் மின்வேலை செய்பவர், சங்கத்தின் உதைபந்தாட்டப் பயிற்றுநர், நல்ல மனிதர். இரண்டுக்கும் சேர்த்துச் சங்கத்திடம் வசதியில்லை. யார் தலைவரோ அவர் விருப்பம். ஆகவே சிவபாலன் தலைவர் பதவிக்கு நின்றார். பத்மாவும் நின்றாள். மூன்றாவதாக அருளப்பு நின்றார். அவர் பஸ் சாரதி. யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்காரரும் தேவாலயப் பாடகர் குழுவும் அவர் பக்கம். நீச்சலைப் பற்றியோ பந்தைப் பற்றியோ அவருக்குப் பெரிய கருத்தில்லை. தலைவராக இருக்க விருப்பம், அவ்வளவுதான்.

இனி என் பங்கு. அதற்கு முந்திய தேர்தலிலும் மூன்று பேர்தான் நின்றார்கள். வென்றவருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூட. மிச்சப் பேர் எல்லாரும், "உவர் எங்கடை தலைவர் இல்லை" என்று சொல்லி இரண்டு வருடம் பொங்கலுக்கும் வரவில்லை. நான் மருந்துக் களஞ்சியம் ஒன்றில் இருப்புக் கணக்குப் பார்ப்பவன். கணக்கில் பிழை கண்டால் எனக்கு நித்திரை வராது. ஆகவே தெரிவுகளை வரிசைப்படுத்தும் முறையைக் கொண்டுவந்தேன். சில நாடுகளில் ஊர்ச்சபைகளுக்கும் நகர முதல்வருக்கும் இப்படித்தான் வாக்களிக்கிறார்களாம். ஒஸ்லோ மாநகர சபைத் தேர்தலில்கூடக் கட்சிப் பட்டியலில் பிடித்த பெயருக்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போடலாம், அவ்வளவுதான். அவர்களிடம் இல்லாதது எங்களிடம் வரப்போகிறது என்று எனக்கு ஒரே பெருமை.

பெப்ரவரியில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தேன். வெண்பலகையில் றோல்ஸ், பற்றிஸ், வடை என்று மூன்று சிற்றுண்டிகளை வேட்பாளர்களாக எழுதினேன்.

"உங்களுக்கு ஆகலும் விருப்பமானதுக்கு ஒண்டு எண்டு போடுங்கோ. அது கிடையாட்டில் என்ன வேணுமோ அதுக்கு இரண்டு. பிறகு மூண்டு. முதல்லை ஒண்டுகளை மட்டும் எண்ணுவம். ஆருக்காவது பாதிக்கு மேலை வந்தால் அவர் வெற்றி. வராட்டில், ஆகக் குறைஞ்ச ஒண்டுகள் எடுத்தவரை நீக்குவம். அவரின்ரை சீட்டுகளிலை இரண்டு ஆருக்குப் போட்டிருக்கோ, அந்தச் சீட்டு அவருக்குப் போகும்."

"எங்கடை ஊரிலையும் விருப்பு வாக்கு இருந்ததுதானே," என்றார் முன்வரிசையில் இருந்த ஒருவர். "அதுக்காக ஒரே கட்சிக்காரரே ஒருத்தரை ஒருத்தர் அடிச்சவை."

"அது வேறை, இது வேறை அண்ணை. இதிலை எல்லாரும் எல்லாருக்கும் நல்லவையா இருப்பினம்," என்றேன்.

ஒத்திகை வாக்கெடுப்பு நடந்தது. பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் றோல்சுக்கு ஒன்று போட்டார்கள். அதைவிடச் சற்றுக் குறைவான பேர் பற்றிசுக்கு. வடைக்கு ஒன்று போட்டவர் சிலர்தான். ஆனால் மற்ற எல்லாரும் வடைக்கு இரண்டு போட்டிருந்தார்கள். விதிப்படி வடையை நீக்கினேன். றோல்ஸ் வென்றது. கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் பத்மா கேட்டாள்: "இஞ்சாருங்கோ, வடை எண்டால் எல்லாருக்கும் விருப்பம்தானே. பிறகு ஏன் அதை முதல்லை கலைச்சனீங்கள்?"

"அதுக்கு ஒண்டுகள் காணாது."

"இரண்டு நிறையக் கிடந்ததே?"

"இரண்டை அப்ப பாக்கிறேல்லை. ஒண்டு போட்ட ஆள் விழுந்தால்தான் இரண்டைப் பாக்கிறது. உமக்கு உது விளங்காது, விடும்."

அவளுக்கு விளங்கியிருந்தது. விளங்காதவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. பத்மாவுக்கு ஆதரவு கேட்டு மாலைகளில் வீடு வீடாகப் போனேன். (தேர்தல் நடத்துபவர் ஆதரவு கேட்டுப் போகலாமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நான் எழுதிய விதிகளில் அதற்குத் தடை இல்லை. எழுதியவன் நான்தானே.) எங்கள் ஆட்களிடம் போய் "உங்கள் வாக்கை எனக்குத் தாருங்கள்" என்று கேட்பது சங்கடமான வேலை. ஒருவர் சிவபாலனுக்குச் சொந்தம், ஒருவர் அருளப்புவோடு ஒரே பாடசாலையில் படித்தவர், இன்னொருவரின் மகன் பந்தடிக்கிறான். அந்த இழைகளை அறுக்கச் சொல்லி ஒருவரைக் கேட்பது எப்படி? ஆனால் இரண்டாம் தெரிவைக் கேட்பதில் எந்தக் கஷ்டமும் இல்லை. சீனி கடன் கேட்பது மாதிரி.

"முதலாவதை நீங்கள் விரும்பின ஆளுக்குப் போடுங்கோ, அதிலை நான் தலையிடேல்லை. இரண்டாவதை மட்டும் பத்மாவுக்கு..."

"இரண்டாவதோ? எடுங்கோ அண்ணை, அதுக்கென்ன!"

எல்லா வீட்டிலும் இதே பதில். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தேநீரும் மிக்சரும் தந்தார்கள். லில்லெஸ்ட்ரோமில் ஒரு வீட்டில் சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று பிட்டும் கணவாய்க் கறியும் வைத்தார்கள். இத்தனை இனிமையான தேர்தல் வேலையை நான் கண்டதில்லை. ஆட்கள் தங்களுக்குத் தேவையில்லாததைத்தான் அவ்வளவு சந்தோஷமாகத் தருவார்கள் என்று ஒரு கணமும் யோசிக்கவில்லை.

அருளப்புவிடமும் போனேன். அவர் கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"குணம், ஒரு கதை. நீர் உம்மடை முதலாவதை எனக்குப் போடும். நான் என்ரை ஆக்கள் அவ்வளவு பேரிட்டையும் சொல்லி இரண்டாவதைப் பத்மாவுக்குப் போடுவிக்கிறன். சத்தியமா."

ஒரு சீட்டைக் கொடுத்து ஒரு கட்டுச் சீட்டை வாங்குகிறேன்! களஞ்சியத்தில் இப்படியொரு கொடுக்கல் வாங்கல் செய்திருந்தால் முகாமையாளர் என்னைத் தோளில் தூக்கியிருப்பார். கைகொடுத்தேன். பத்மாவிடம் சொல்லவில்லை. வென்ற பிறகு சொல்லி அவளை வியக்கவைக்கலாம் என்று இருந்தேன்.

கூட்டம் ஒரு பாடசாலை மண்டபத்தில். வாக்களிப்பு ஒழுங்காக நடந்தது. பெட்டியின் துவாரம் கச்சிதமாக வேலை செய்தது. என் சீட்டில் அருளப்புவுக்கு ஒன்று, பத்மாவுக்கு இரண்டு போட்டு, இரண்டுமுறை மடித்து உள்ளே தள்ளினேன். பெட்டியைத் திறக்கப்போகும் நேரம் உதைபந்தாட்டப் பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பினார்.

"ஒரு கேள்வி. எண்ணுற ஆளின்ரை மனுசியும் நிக்கிறா. இது என்ன ஞாயம்?"

மண்டபம் முணுமுணுத்தது. முப்பது வருடக் கணக்கில் ஒரு மாத்திரை பிசகாதவனைப் பார்த்து இந்தக் கேள்வியா! ஒலிவாங்கியை எடுத்தேன். என் வாயிலிருந்து இது வந்தது:

"நான் நடுநிலையான ஆள் எண்டதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? என்ரை முதலாவது வாக்கைக்கூட நான் என்ரை மனுசிக்குப் போடேல்லை!"

பலத்த கைதட்டல். கேள்வி கேட்டவரே கைதட்டினார். (நான் எழுதிய விதிகளில் நான்காவது: எவரும் தமது வாக்கை வெளியே சொல்லலாகாது.) மண்டபத்தின் ஓரத்தில் சமையலறை யன்னல். அதற்குள் பத்மா நின்றாள், அவளோடு ஜெயந்தி உட்பட நீச்சல் பெண்கள் நான்கைந்து பேர். அவள் கையில் தேநீர்க் கேத்தல். அந்தக் கேத்தல் அசையாமல் நின்றது. மகள் மதுரா, அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவள், கடைசி வரிசையிலிருந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, "ஹெர்ரெகுட், அப்பா!" என்றாள். அடக் கடவுளே என்று பொருள்.

சீட்டுகளை மூன்று குவியல்களாகப் பிரித்தேன். செல்லுபடியான சீட்டுகள் தொண்ணூற்றேழு. சிவபாலனுக்கு முப்பத்தெட்டு. அருளப்புவுக்கு முப்பது. பத்மாவுக்கு இருபத்தொன்பது.

மறுபடி எண்ணினேன். விரலை நனைத்துக்கொண்டு மூன்றாம்முறையும் எண்ணினேன். கடதாசி குட்டி போடுவதில்லை.

ஒருவருக்கும் பாதி வரவில்லை. ஆகக் குறைந்தவர் நீக்கப்படவேண்டும். அதை அறிவிக்கவேண்டியவர் தேர்தல் அதிகாரி. ஒலிவாங்கி இன்னும் என் கையில்தான் இருந்தது.

"விதி ஏழின்படி... திருமதி பத்மாவதி குணரட்ணம் நீக்கப்படுகிறார்."

உதைபந்தாட்டப் பக்கத்திலிருந்து யாரோ, கெட்ட எண்ணமே இல்லாமல், கணக்கு விளங்கிய சந்தோஷத்தில் கத்தினார்:

"அண்ணை! நீங்கள் அக்காவுக்கு ஒண்டு போட்டிருந்தால் அவவுக்கு முப்பது! மற்றவருக்கு இருபத்தொன்பது! அக்கா நிண்டிருப்பா!"

அதற்குப் பிறகு வந்த சிரிப்பை நான் வர்ணிக்கமாட்டேன். கதிரைகள் ஆடின. அருளப்பு ஓடி வந்தார். அவர் முகத்தில் ஒரு குற்றமும் இல்லை. தன் குவியலை எடுத்து என் முன்னால் விசிறி மாதிரி விரித்தார்.

"பாரும் குணம், பாரும்! சொன்ன சொல்லுத் தவறேல்லை. முப்பதிலை இருபத்தெட்டுச் சீட்டிலை பத்மாவுக்கு இரண்டு! என்ரை ஆக்கள் அப்படியே போட்டிருக்கினம்!"

போட்டிருந்தார்கள். சிவபாலனின் குவியலிலும் பாதிக்கு மேல் பத்மாவுக்கு இரண்டு. பிட்டும் கணவாய்க் கறியும் தந்த வீடும் சொன்னபடி போட்டிருக்கும். எல்லாரும் நேர்மையான மனிதர்கள். ஆனால் அந்த இரண்டுகள் எண்ணப்படவேண்டும் என்றால் அருளப்பு விழுந்திருக்கவேண்டும். அவர் விழாமல் ஒரே ஒரு வாக்கால் தாங்கிப் பிடித்தவன் நான். ஒத்திகையில் வடையைக் கலைத்த அதே கையால், அதே விதியால், என் மனைவியைக் கலைத்திருக்கிறேன்.

பத்மாவின் இருபத்தொன்பது சீட்டுகளையும் பிரித்து மற்ற இரண்டு குவியல்களிலும் சேர்த்தேன். அவளுக்கு வாக்களித்த தாய்மார் பலருடைய மகன்மார் பந்தடிப்பவர்கள். சிவபாலன் வென்றார். வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அண்ணை, முறை நல்ல முறை. அடுத்தமுறையும் இதையே வைப்பம்."

லோறென்ஸ்கூக்கில் உள்ள எங்கள் வீட்டுக்குக் காரில் இருபது நிமிடம். மதுரா பின்சீட்டில் காதுக்குள் பாட்டை மாட்டிக்கொண்டாள். பாட்டுப் போடவில்லை என்று எனக்குத் தெரியும். பத்மா வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே," என்றாள்.

"உமக்காகத்தானே பத்மா செய்தனான். ஊரிலை உள்ள இரண்டு முழுக்க உமக்கு வந்தது."

"ஓம், வந்தது. நான் போய்க் கேட்ட வீடுகளிலை ஒண்டு கேட்டனான். வாய் திறந்து, ஒண்டு தாங்கோ எண்டுதான் கேட்டனான். இருபத்தொன்பது பேர் தந்தவை. அதிலை ஒண்டு நான் எனக்கே போட்டது."

வீதி விளக்குகள் போய்க்கொண்டிருந்தன.

"ஜெயந்தி இப்பதான் மிதக்கத் தொடங்கினவள்," என்றாள் பிறகு. "அவளுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அந்த இலையுதிர் காலத்தில் வெள்ளிக்கிழமை மணித்தியாலம் நின்றது. பெடியள் உள்ளரங்கில் பந்தடித்தார்கள். நன்றாகவே விளையாடினார்கள், ஸ்தவாங்கர் நகரம் வரை போய் ஒரு கிண்ணமும் கொண்டுவந்தார்கள். பொது நேரத்தில், ஆண்களும் வருகிற தடாகத்துக்குப் பத்மாவோடு போகத் துணிந்தவர்கள் பதினெட்டுப் பேரில் நான்கு பேர். ஜெயந்தி அந்த நால்வரில் இல்லை. ஒருநாள் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் தெரிவுசெய்து கொண்டிருக்கையில் என்னைக் கண்டாள்.

"அண்ணை, உங்கடை எலெக்சனாலை நான் மிதக்கிறதோடை நிண்டுபோனன்," என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். காருக்குள் வந்து இருந்தபின் சிரிப்பு நின்றுவிட்டது.

வீட்டில் நடக்கும் பகிடிகள் வேறு. அவை நிற்பதே இல்லை. "பத்மா, ஒரு தேத்தண்ணி தாரும்," என்றால், "முதல்லை அருளப்பு அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ. அவர் இல்லையெண்டால் நான் ஊத்தித் தாறன்," என்று வரும். மதுராவின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில் ஒலிவாங்கியை என்னிடம் நீட்டியபோது, மணப்பெண்ணே மேடையிலிருந்து, "அப்பாட்டை மைக்கைக் குடுக்காதேங்கோ!" என்று கத்தினாள். இருந்த தமிழர் அத்தனை பேரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை நோர்வேஜியன். அவருக்கு யாரோ காதுக்குள் கதையைச் சொல்ல, தலைவர் தேர்தலில் சொன்னதைத் தவிர இந்த மனிதரைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லையா என்பதுபோல் என்னை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு பேரப்பிள்ளை கதைக்கத் தொடங்கியிருக்கிறது. விரைவில் அதுவும் கேட்கும்.

சிரிக்கட்டும். என் நாட்குறிப்பில் அதற்கு அடுத்த பக்கத்தை அவர்கள் யாரும் பகிடியில் சேர்ப்பதில்லை.

மார்ச் 18, திங்கட்கிழமை. நான் எழும்பியபோது பத்மா நீச்சல் பையோடு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகுமுன் பொதுத் தடாகத்துக்குப் போகப் போகிறாளாம். "அங்கை ஆம்பிளையளும் வருவினமே," என்றேன். "வருவினம். தனிய இறங்க எனக்குக் கூச்சமாக் கிடக்கு. நீங்களும் வந்து பக்கத்திலை நில்லுங்கோ," என்றாள். எனக்கு நீந்தத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். காரை எடுத்தேன். தடாகத்து வாசலில் ஒரு நீச்சல் காற்சட்டையை வாடகைக்குத் தந்தார்கள். பெரிய அளவு, ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டியிருந்தது. பத்மா துவாயைப் போர்த்தபடி கரையில் காத்து நின்றாள். இரண்டு கிழவர்கள் எங்களைப் பார்க்காமல் நீந்திப் போனார்கள். நான் முதலில் இறங்கினேன், இடுப்பளவு ஆழத்தில், சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அவள் துவாயைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் இறங்கினாள். ஒரு மூச்சு எடுத்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, காலால் சுவரை உதைத்து, மற்றக் கரையை நோக்கிப் போனாள். அவள் தொட்டுத் திரும்பும்வரை நான் அங்கேயே நின்றேன்.